மேஸ்திரியக்கா எண்ணிய ஐயாயிரம் பேர்

அவளுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தது பஸ் நிலையத்துப் பெண்கள். கொத்து வேலைக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் அவள் போய் நின்றால் ஐந்தாவது நிமிஷம் அந்த நாலு பேரும் ஏதோ ஒரு வேலையில் இருப்பார்கள். "நீ போய் மூஞ்சியக் கழுவு. நீ அந்தக் குடிகாரன் பக்கம் போகாத. ஏய், நீ காலைலேர்ந்து சாப்பிட்டியா இல்லையா?" இப்படி ஏவுகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? பத்தொன்பது வருஷம் அவளும் அதே பஸ் நிலையத்தில் நின்றவள்தான். அதை விட்டு ஏழு வருஷம் ஆகிவிட்டது. இப்போது வயது நாற்பத்தாறு. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, பைக்குள் கேள்வித்தாள்கள். பதவி, கள ஆய்வாளர். அந்த வார்த்தையை அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு முழுசாகத்தான் சொல்வாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. முப்பத்தெட்டு வயதில் அடிவயிற்று வலியோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வரிசையில் அத்தனை பேர் நிற்க, நர்ஸ் மேஜையிலிருந்தே கத்தினாள். "ஏய், அந்த வியாதிக்காரி, நீ கடைசில நில்லு." வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கடைசியில் நின்றவளின் முறை வருவதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார். நாலு தடவை அப்படியே நடந்தது. ஐந்தாம் தடவை அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், கர்ப்பப்பையை எடுத்துப் போட்டார்கள். பத்து நாள் மாத்திரையில் தீர்ந்திருக்க வேண்டிய சீழ் அது. அன்றிலிருந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், சாயங்காலம் திறந்திருக்கிற, யாரும் யாரையும் கத்திக் கூப்பிடாத ஒரு கிளினிக் வர வேண்டும் என்று அவள் நினைத்தாள். நினைத்தாள் என்பது சின்ன வார்த்தை. அது அவளுக்கு வெறி.

அந்த வெறிக்குத் தீனி போல வந்து சேர்ந்தார் எண்ணு டாக்டர். அவரும் டாக்டர்தான், ஆனால் நாடி பிடிக்க மாட்டார், ஊசி போட மாட்டார். எந்த ஊரில் எத்தனை பேருக்கு எந்த நோய் என்று எண்ணுவதுதான் அந்த அம்மாளின் படிப்பு. "மருந்து குடுக்காத டாக்டரா? அப்ப வெள்ளக்கோட்டு எதுக்கு, அழுக்குப் படவா?" என்று பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். இந்தத் தொழிலில் ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிற ஊருக்குத் தனி கிளினிக் உண்டு. ஆயிரத்துக்குக் கீழே என்றால் கிடையாது, பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்க்கொள்ள வேண்டியதுதான். எத்தனை பேர் என்று சொல்லத்தான் தன்னை அனுப்பியிருக்கிறார்கள் என்றார்.

மேஸ்திரி உடனே மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். ஊரில் எத்தனை பேர் என்பது அவளுக்கு விரல்நுனியில் இருந்தது. பஸ் நிலையம், மார்க்கெட்டின் பின்பக்கம், மூடின தியேட்டர், லாரி நிறுத்தம், போனிலேயே பேசி வருகிறவர்கள், எல்லாம் சேர்த்து எண்ணூற்றைம்பது. எத்தனை தடவை கூட்டினாலும் தொள்ளாயிரத்தைத் தொடவில்லை. அதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. கேட்கவும் இல்லையே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மேஸ்திரியைக் கள ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்ட பிறகு, எப்படி எண்ணுவது என்று டாக்டர் ஒரு நாள் மேஜையில் பயற்றைக் கொட்டிப் பாடம் நடத்தினார். குவியலில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டதும், ஆய்வுக்கு வந்த இரண்டு இளம்பெண்களும் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்கள். டாக்டர் அறுபது பயற்றை எடுத்து மை தடவினார், திரும்பக் குவியலில் போட்டுக் கலந்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு நூறு பயற்றை அள்ளினார். அதில் முப்பதில் மை இருந்தது. "நூத்துக்கு முப்பது. அப்ப அறுபதுங்கறது மொத்தத்துல நூத்துக்கு முப்பது. மொத்தம் இருநூறு." எண்ணிப் பார்த்தால் இருநூற்று மூன்று இருந்தது.

"அப்ப முதல் தடவ ஒரு பொருளக் குடுக்கறோம். அப்புறம் போய், ‘உனக்குக் கெடச்சுதா’ன்னு கேக்கறோம். கெடச்சுதுன்னு சொல்றவ நெறைய இருந்தா ஊர்ல ஆளு கம்மி. இல்லன்னு சொல்றவ நெறைய இருந்தா ஆளு ஜாஸ்தி. அப்படித்தானேங்க?" என்றாள் மேஸ்திரி.

"அதேதான். எங்க ஆஃபீஸ்ல பாதிப் பேருக்கு இது புரிய ஒரு வாரம் ஆச்சு."

"மை தடவின பயறு பொய் சொல்லாதுங்க டாக்டரம்மா. பொம்பள சொல்லுவா."

"ஏன் சொல்லணும்? ஒரு சின்னப் பரிசுப் பொருள்தானே" என்றார் டாக்டர். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

என்ன பொருள் என்பதில்தான் வினை வந்தது. கடையில் கிடைக்காததாக இருக்க வேண்டும், பார்த்தால் மறக்கக் கூடாது. இது இரண்டும் விதி. டாக்டர் சாவிக்கொத்து என்றார். "பூட்டறதுக்கு வீடு வேணுமேங்க" என்றாள் மேஸ்திரி. குட்டிக் கண்ணாடி என்றார். "பைல போட்டு மறந்துடுவாங்க. தலைல வைக்கற மாதிரி குடுங்க. க்ளிப் குடுங்க." டாக்டர் கொஞ்சம் இழுத்தார். "வெளிய தெரியுமே?" "ஊர்ல எவ தலைல க்ளிப் இல்ல? இவங்களப் பத்தி உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" இந்தக் கேள்வியோடு படித்தவர் கிளிப்புக்கே கையெழுத்துப் போட்டார். அறுநூறு கிளிப்புகள் தனியாகச் செய்யச் சொல்லி வந்தன. பளீரென்ற பச்சை, நடுவில் இரண்டு மஞ்சள் கோடு. வேறு எவள் தலையிலும் இல்லாத ஒன்றை இவர்கள் தலையில் மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்று படித்தவருக்கும் தோன்றவில்லை, பட்டவளுக்கும் தோன்றவில்லை.

மூன்று சாயங்காலத்தில் கொடுத்து முடிக்க வேண்டும். மேஸ்திரி அந்த மூன்று நாளும் கல்யாண வீட்டுக்காரி மாதிரிதான் திரிந்தாள். யாருக்கும் பிடிக்காமல் இல்லை. சும்மா கிடைத்தது, அழகாகவும் இருந்தது, மேஸ்திரியக்கா கையால் குத்திவிட்டாள். மூன்றாம் நாள் இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் பையில் மூன்று கிளிப் மிச்சம் இருந்தபோது, டிக்கெட் கவுண்டர் பக்கம் தையல்காரி வந்தாள்.

தையல்காரி ஒரு துணி கம்பெனியில் பகல் முழுக்கக் காலர் தைக்கிறவள். புருஷன் பார்சல் வண்டி ஓட்டுகிறான், ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. வாரத்தில் இரண்டு சாயங்காலம், ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு இங்கே வருவாள். மூன்று வருஷமாக வருகிறாள் என்பது மேஸ்திரியைத் தவிர யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கிளிப்பைப் பார்த்ததும் அவள் பின்னால் நகர்ந்தாள்.

"வேணாங்கக்கா. எனக்கு வீடு இருக்கு."

"நான் மட்டும் என்ன மரத்தடிலயா இருக்கேன்? தலையக் காட்டுடி."

"அவரு கேப்பாருக்கா."

"கேட்டா கம்பெனில குடுத்தாங்கன்னு சொல்லு. ஆம்பளைக்கு க்ளிப்பு கணக்கெல்லாம் எங்க தெரியப் போகுது?"

வேண்டாம் என்கிறவளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் ஒரு விதி. பயிற்சியின்போது அதைப் பிழையில்லாமல் ஒப்பித்தவள் மேஸ்திரிதான். ஆனால் மூன்றுதான் பாக்கி, காலும் வலித்தது. தையல்காரியின் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் குத்திவிட்டாள். தாளில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று குறித்தாள். அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் அவளுக்கு நல்ல பெயர் வந்துவிடும்.

கொடுப்பதற்கும் கேட்பதற்கும் நடுவில் பத்து நாள் இடைவெளி விட வேண்டும். அந்தப் பத்து நாளில் ஊர் தன் வேலையைச் செய்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. முதலில் வாடகை வண்டிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், பிறகு டீக்கடை, பிறகு லாட்ஜ் வாசல். பச்சைக் கிளிப் போட்டவளிடம் எதுவும் கேட்கவே வேண்டாம், நேராகப் பேசலாம் என்று ஆனது. ஆறாவது நாள் போலீசுக்கும் புரிந்தது. முன்பெல்லாம் ஒருத்தியைப் பிடிக்க அரைமணி நேரம் வம்பளக்க வேண்டும், தவறான ஆளைப் பிடித்தால் திட்டு வாங்க வேண்டும். இப்போது பின்னந்தலையைப் பார்த்தால் போதும். ஒரே சாயங்காலத்தில் முப்பத்தொரு பேரை வண்டியில் ஏற்றினார்கள். மறுநாள் காலையில் சாக்கடை ஓரமெல்லாம் பச்சையாகக் கிடந்தது.

டாக்டர் போன் செய்தார். "ஏதோ பிடிச்சாங்களாமே? க்ளிப்பாலயா? யாருக்காவது நம்மால பாதிப்புன்னா உடனே எழுதிக் குடுக்கணும். ஆய்வ நிறுத்தணும்."

நிறுத்தினால் மறுபடி எப்போது வரும்? வராது. மேஸ்திரி வாயில் பொய் தயாராக இருந்தது. "மாசா மாசம் நடக்கறதுதாங்க டாக்டரம்மா. புதுசா ஒண்ணுமில்ல."

அதே நாட்களில் தையல்காரியின் வீட்டில் நடந்தது இது. அவள் கிளிப்பை அன்றே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். தூர எறிந்திருக்கலாம். அழகாக இருந்தது, மனசு வரவில்லை. ஒரு நாள் மகள் பையைத் துழாவி எடுத்து, அம்மாவின் தலையில் குத்தி அழகு பார்த்தாள். பார்சல் வண்டிக்காரன் அப்போதுதான் வீட்டுக்குள் வந்தான். வண்டி ஸ்டாண்டில் அன்று காலை அந்தக் கிளிப்பைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்களில் அவனும் ஒருவன்.

"இது ஏது?"

"கம்பெனில குடுத்தாங்க. எல்லாருக்கும்."

அவன் கிளிப்பைக் கையில் வாங்கிப் பார்த்தான். மறுநாள் சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தான். நூற்று நாற்பது பெண்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொரு தலையாகப் பார்த்தான். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று டாக்டர்கள் நினைக்கிறார்கள். அவன் பானையையே கவிழ்த்துப் பார்த்தான். ஒருத்தி தலையிலும் அந்தக் கிளிப் இல்லை.

வீட்டுக்கு வந்து அவளுடைய தையல் கத்தரிக்கோலாலேயே அவள் முடியை வெட்டினான். காதோரம் தோலும் சேர்ந்து வெட்டுப்பட்டது. அவளை வெளியே தள்ளி, குழந்தையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான். மறுநாள் கம்பெனி வாசலில் போய் அவன் போட்ட கூச்சலில், சூப்பர்வைசர் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு நாளில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவுதான் போக முடியும். வீடு, பிள்ளை, வேலை, முடி.

அவள் மேஸ்திரியின் அறைக்கு வந்தாள். ஒரே ஜன்னல் உள்ள அறை, கட்டிலும் ஒரு ஸ்டூலும், மூலையில் கேள்வித்தாள் கட்டுகள். தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். மேஸ்திரி ஸ்டூலை இழுத்துப் போட்டாள், அவள் உட்காரவில்லை.

"அக்கா, கம்பெனில இல்ல, ரோட்டுல ஆய்வுக்காரங்க எல்லாருக்கும் குடுத்ததுன்னு அவருகிட்ட சொன்னேன். அவரு முழுசா வெட்டி விடல. ஒரு வழி சொல்லியிருக்காரு. ரோட்டுல போற எல்லாப் பொம்பளைங்களுக்கும் குடுத்தது, யாரு என்னன்னு பாக்காம குடுத்ததுன்னு உங்க ஆஃபீஸ் சீல் வச்ச லெட்டர் ஒண்ணு கொண்டு வந்தா, வீட்டுக்குள்ள வான்னாரு. அழுதுக்கிட்டே சொன்னாருக்கா. அவருக்கு நம்பணும். நம்பறதுக்கு ஒரு காகிதம் வேணும், அவ்வளவுதான்."

காகிதமும் சீலும் மேஸ்திரியின் பையிலேயே இருந்தன. வழியில் யாராவது மறித்தால் காட்டுவதற்காக ஆஃபீஸ் பெயர் அச்சடித்த தாள் பத்துப் பன்னிரண்டு அவளிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். மூன்று வரி எழுதி ஒரு குத்துக் குத்தினால் முடிந்தது. அவள் கை பையின் மேல்தான் இருந்தது. ஆனால் மண்டைக்குள் கணக்கு ஓடியது. அந்தக் காகிதத்தை அவன் ஸ்டாண்டில் நாலு பேரிடம் காட்டாமல் விட மாட்டான். எல்லாருக்கும் கொடுத்தது என்று ஆஃபீஸ் சீலோடு ஒரு காகிதம் ஊரில் சுற்றினால், அறுநூறு என்ற எண் செத்தது. அறுநூறு செத்தால் கணக்கு செத்தது. கணக்கு செத்தால் கிளினிக் ஏது?

"ரெண்டு வாரம் பொறுத்துக்கோ. எண்ணி முடியட்டும். நானே எழுதித் தர்றேன்."

"பாப்பா என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவாக்கா. ரெண்டு வாரம் அவ தூங்காம இருப்பாளா?"

"ஒருத்திய பாத்தா எண்ணூறு பேரும் போயிடுவாங்கடி. என் வயித்தப் பாரு. என் கதி இன்னும் எத்தன பேருக்கு வரணும்?"

தையல்காரி அவள் வயிற்றைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். மேஸ்திரிக்கு அன்று தூக்கம் வரவில்லை. நியாயம் தன் பக்கம்தான் என்று விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தாள். நியாயம் பக்கத்தில் இருப்பவள் அதை அத்தனை தடவை சொல்ல வேண்டியதில்லை.

பிறகு கேள்வித்தாளோடு இறங்கினார்கள். நானூறு பேரைக் கேட்க வேண்டும். முப்பத்தொன்றாவது கேள்விக்கு மாதிரிக் கிளிப் ஒன்றை எடுத்துக் காட்ட வேண்டும். இதுபோல் ஒன்று உங்களுக்குக் கிடைத்ததா? மேஸ்திரி எடுத்துக் காட்டியதும் முதல் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "எனக்கு இல்ல. நான் பாத்ததே இல்ல." அவள் தலையில் மேஸ்திரியே குத்திவிட்டிருந்தாள். அடுத்தவளும் இல்லை என்றாள். அதற்கடுத்தவள் மேஸ்திரியின் கண்ணைப் பார்த்து, "என்னக்கா இது, புதுசா இருக்கு?" என்று கேட்டாள். கேட்டவளுக்குப் புறங்கையில் போலீஸ் தடியின் தழும்பு ஆறாமல் இருந்தது. சொன்னதைத்தான் எழுத வேண்டும், தெரிந்ததை எழுதக் கூடாது என்பது விதி. இந்த விதியை மட்டும் மேஸ்திரி எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே போனாள்.

துண்டு சுற்றிய தலையோடு தையல்காரியும் ஒரு நாள் வந்து உட்கார்ந்தாள். முப்பத்தொன்றாவது கேள்வி வந்தபோது மேஸ்திரி மாதிரியை எடுக்கவில்லை.

"கேளுங்கக்கா. கேக்கணும்ல?"

"கெடச்சுதா?"

"கெடச்சுது. ஆமான்னு போடுங்க." தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ரெண்டு வாரம் ஆயிடுச்சுக்கா" என்றாள்.

"ரிசல்ட் வரட்டும்" என்றாள் மேஸ்திரி. ரிசல்ட் வந்த பிறகு, உத்தரவு வரட்டும் என்றாள். உத்தரவுக்குப் பிறகு, கட்டடம் வரட்டும் என்றாள். அதற்குப் பிறகு தையல்காரி கேட்க வருவதை நிறுத்திவிட்டாள்.

நானூறு பேரில் ஆம் என்றவர்கள் நாற்பத்தெட்டு. டாக்டர் கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். நூற்றுக்குப் பன்னிரண்டு. அறுநூறு என்பது நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால், மொத்தம் ஐயாயிரம்.

"ஐயாயிரமா? இந்த ஊர்லயா?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையச் சொல்லுங்க. பயந்துக்கிட்டு இல்லன்னாங்களா?"

இதுதான் அவளுக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு. ஆமாம் என்று ஒரு வார்த்தை. உண்மையைச் சொன்னால் எண்ணூற்றைம்பது, ஆயிரத்துக்கு நூற்றைம்பது குறைவு. "பயமா? க்ளிப்புக்கு என்னங்க பயம்? அவங்க கணக்குல வராத ஆளுங்க டாக்டரம்மா. உள்ளுக்குள்ள எவ்வளவோ பேர் இருக்காங்க." டாக்டர் நம்பினார். ஐயாயிரம் என்ற எண்ணை யாருக்குத்தான் நம்பப் பிடிக்காது? அது அச்சில் வந்தது, மேடையில் படிக்கப்பட்டது, டாக்டருக்கு வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்தது.

கிளினிக்கும் வந்தது. அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை. பஸ் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி, நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரை. பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நம்பர்தான், அதையும் மெதுவாகத்தான். நர்ஸ் முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கேள்வி கேட்பாள். மேஸ்திரி வாசல் மேஜையில் உட்கார்ந்து பதிவு செய்தாள். முதல் வாரம் ஒரு பெண் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து, "இங்க என்ன யாரும் திட்டவே மாட்டேங்கறாங்க?" என்று கேட்டபோது, மேஸ்திரி கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் வாரம் தையல்காரி வந்தாள். முடி தோள் வரை கூட வளரவில்லை. வாயோரம் புண் இருந்தது. மேஸ்திரி படிவத்தை எடுத்தாள், வயது கேட்டாள், எழுதினாள்.

"எத்தன நாளா இந்தத் தொழில்ல இருக்க?" படிவத்தில் இருந்தது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"நாலு மாசமா. அதுக்கு முன்னாடி தையல் வேலை."

மூன்று வருஷமாக வாரத்தில் இரண்டு நாள் வந்தவள் என்பது இருவருக்கும் தெரியும். மேஸ்திரி நாலு மாதம் என்றே எழுதினாள். இரத்தத்தில் மேகநோய் என்று முடிவு வந்தது. ஊசி போட்டார்கள், குணமானது. லெட்டர் என்ற வார்த்தையை அவள் எடுக்கவே இல்லை. எடுக்கவில்லையே என்று மேஸ்திரிக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை அதற்கப்புறம்தான். வருஷக் கடைசியில் மேலிடத்து அதிகாரி ஒருவர் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார்.

"ஒரு வருஷத்துல எழுநூறு பேர் வந்திருக்காங்க. ஊர்ல ஐயாயிரம் பேர். நூத்துக்குப் பதினாலு. மத்தவங்க எங்க?"

"ஊர்ல இருக்கறதே எண்ணூத்தம்பதுதாங்க. கிட்டத்தட்ட எல்லாரும் வந்துட்டாங்க."

"ஐயாயிரம்னு அச்சாகியிருக்கே."

"அது தப்புங்க. பயந்துக்கிட்டு இல்லன்னாங்க. எனக்கு அப்பவே தெரியும்."

"அப்பவே தெரியுமா? அப்ப எண்ணினது யாரு?"

"நான்தாங்க."

"எண்ணூத்தம்பதுக்கு என்ன ஆதாரம்?"

"நான்தாங்க ஆதாரம்" என்றாள் மேஸ்திரி. கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அவள் எண்ணு டாக்டருக்கும் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். "நான் உங்களக் கேட்டேனே" என்றார் டாக்டர். "வாயத் தொறந்து கேட்டேனே." அவ்வளவுதான், வைத்துவிட்டார். ஐயாயிரம் பேரில் பதினாலு சதவீதத்தைக்கூடத் தாண்டாத கிளினிக் எதற்கு என்று எழுதி, மூன்றே மாதத்தில் மூடிவிட்டார்கள். கட்டில்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேலை போன கடிதம் மேஸ்திரிக்குத் தபாலில் வந்தது.

அறையில் பையைக் கவிழ்த்துக் கொட்டியபோது அச்சடித்த தாள்களும் சீலும் விழுந்தன. இனிமேல் எந்தக் கணக்கும் கெட்டுப்போகப் போவதில்லை. அவள் ஸ்டூலில் தாளை வைத்து, தன் முட்டை முட்டையான எழுத்தில் எழுதினாள். பச்சைக் கிளிப் பொதுமக்களில் எல்லாப் பெண்களுக்கும் வேறுபாடு பார்க்காமல் வழங்கப்பட்டது. தேதி பழைய தேதி. சீலைக் குத்தினாள். தையல்காரியிடம் சொல்லிவிட்டுப் போகலாமா என்று யோசித்தாள். அவன் கதவைச் சாத்திவிட்டால் இரண்டாவது தடவையும் அவள் நொறுங்க வேண்டும். முதலில் அவனைப் பார்த்துவிடலாம் என்று தனியாகவே போனாள்.

சாயங்காலம் ஐந்து மணி. பார்சல் வண்டிக்காரன் அப்போதுதான் குளித்துவிட்டு, சட்டையில்லாமல், அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தான். மூலையில் தையல் மெஷினுக்குத் துணி போர்த்தியிருந்தது. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பெண் குழந்தை எழுதிக்கொண்டிருந்தது. அவன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேஸ்திரி வாசலிலேயே நின்று அடையாள அட்டையைக் காட்டினாள், செல்லாத அட்டை. கடிதத்தை நீட்டினாள்.

அவன் ஒரு தடவை படித்தான். சீலை விரலால் தொட்டுப் பார்த்தான். மறுபடி படித்தான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, யாரும் அணைக்கவில்லை.

"எல்லாருக்கும் குடுத்ததா?"

"எல்லாருக்கும்."

"கம்பெனிக்காரங்களுக்கு மட்டும் குடுக்கல. அதனாலதான் நான்..." அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். "அவ பொய் சொல்லல. ரோட்டுல குடுத்தத, பயந்துக்கிட்டு கம்பெனின்னு சொல்லிட்டா. அதுக்குப் போயி நான் அவ முடிய... அதுக்கப்புறம் ஒரு நாளாவது போய்ப் பாத்தேனா? அவ அக்கா வீட்டுக்குப் போயிருப்பா, நல்லா இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதையாவது போய்க் கேட்டேனா? ஏங்க, இத முன்னாடியே குடுத்திருக்கக் கூடாதா?"

அவன் நம்பிவிட்டான். ஒன்றரை வருஷம் நம்பக் காத்திருந்தவன், ஒரே நிமிஷத்தில் நம்பிவிட்டான். மேஸ்திரி அவன் கத்துவான், கிழித்தெறிவான் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள். இதற்குத் தயாராக வரவில்லை.

"அவதானே உங்கள அனுப்பினா? இப்ப எங்க இருக்கா? சொல்லுங்க, நான் போய் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வந்துடறேன்."

ஐந்தரை மணி ஆகப் போகிறது. அந்த நேரத்தில் தையல்காரி எந்த இடத்தில், எந்தத் தூணை ஒட்டி நிற்பாள் என்று மேஸ்திரிக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்க் காட்டுவாள். அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, "பாப்பா, செருப்பப் போடு, அம்மாவக் கூட்டிட்டு வரப் போறோம்" என்றான்.

குழந்தை நோட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தது. ஒற்றைச் செருப்போடு வாசலுக்கு வந்து, மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டது.